ஏழாம் ஆளின் துடுப்பு

ஈலி, இங்கிலாந்து
9 செப்டம்பர் 1979

அன்புள்ள வின்னி அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கனடாவின் குளிர் தொடங்குவதற்குள் வைத்தியரிடம் காட்டிவிடு. நர்ஸாக இருந்தவர்கள்தான் வைத்தியர் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டார்கள் என்று மார்ஜரி சொல்கிறாள். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. என் மனம்தான் ஓரிடத்தில் உட்கார மாட்டேனென்கிறது.

காரணம் கேள். ஆறாவது துடுப்பு கிடைத்துவிட்டது. மூன்றாம் இடத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்ட பிரிட்சர்டுடையது. அவர் மருமகனைத் தேடிப்பிடித்தேன். மனிதர் கையை விரித்துவிட்டார். "அப்படி ஒண்ணு எங்க வீட்ல இல்லைங்க" என்றார். சரியென்று வெளியே வந்து காரைத் திருப்புகிறேன், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல, அவர் பின்கட்டில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. தங்க எழுத்தில் எட்டுப் பெயர், ஆளாளுக்கு எடை, கல்லூரிச் சின்னம், அதன்மேல் ஓர் உள்பாவாடை. உன் தம்பி அதை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுத் துடுப்பை வாங்கிக்கொண்டு வந்தான்.

1938 ஜூன் உனக்கு மறந்திருக்காது. ஆற்றில் வரிசையாகப் போகும் கல்லூரிப் படகுப் பந்தயத்தில், அண்ணன் ஹ்யூகோவின் குழு நான்கு நாளும் முன்னால் போன படகைத் துரத்தி முட்டியது. நாலு நாளும் முட்டிய குழுவுக்குத்தான் பரிசுத் துடுப்பு. அவரவர் பந்தயத்தில் போட்ட துடுப்பிலேயே எல்லார் பெயரையும் எழுதி ஆளுக்கொன்று. ஹ்யூகோவின் துடுப்பு நம் வீட்டில் தொங்கியது, அம்மாவுக்குப் பிறகு என் மாடிப்படிச் சுவரில். வெளியிலிருந்து ஆறு சேர்த்தாயிற்று. ஆக ஏழு. பாக்கி ஒன்றே ஒன்று, எட்டாம் ஆளுடையது.

இதற்காக நான் பைத்தியமாகிவிட்டேன் என்று மார்ஜரி எல்லாரிடமும் சொல்லிவருகிறாள். பன்னிரண்டடித் துடுப்பு மாடித் திருப்பத்தில் வளையாது. மேல்சன்னலைச் சட்டத்தோடு கழற்றித் தெருவிலிருந்து நுழைத்தோம். "ஊர்ல பல் டாக்டருங்க பொண்டாட்டியெல்லாம் நிமிர்ந்து நடக்கறாங்க. நான் துணிக்கூடையோட குனிஞ்சு குனிஞ்சே கூனியாயிடுவேன்" என்கிறாள்.

1941 போரில் ஹ்யூகோ கிரீட் தீவில் செத்தபோது எனக்குப் பதினான்கு வயது. எங்கே புதைத்தார்கள் என்றுகூட நமக்குத் தெரியாது. கல்லூரி புதுப் படகுக்கூடம் கட்டுகிறது. வருகிற ஜூன் பந்தயத்தின்போது எட்டையும் ஒரே சுவரில் மாட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு நான் வைக்க முடிந்த கல்லறை அதுதான், அக்கா. அந்த எட்டாவது கிடைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

எட்டாம் ஆள் லாரன்ஸ் ஃபென்விக். நீ கட்டிக்கொள்வதாக இருந்தவர். பழையதைக் கிளறுவதற்கு மன்னித்துவிடு. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?

உன் பதிலுக்குத் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருக்கும்
தம்பி நெட்


லூனன்பர்க், நோவா ஸ்கோஷியா
6 அக்டோபர் 1979

அன்புத் தம்பி நெட்டுக்கு,

நீயும் மார்ஜரியும் சுகமாக இருப்பது கேட்டுச் சந்தோஷம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மழை வருமென்று வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, அந்த வகையில் உபயோகம்தான்.

இங்கே மூன்று நாளாக மூடுபனி. பக்கத்து வீட்டு ஸ்விக்கர் அம்மாள் மீனை உப்புப் போட்டுக் காயவைக்க வெயிலுக்குக் காத்திருக்கிறாள். வெயில் வராததற்கு என்மேல் கோபப்படுகிறாள், நான் இங்கிலாந்துக்காரி என்பதால். கூரையில் இரண்டு பலகை பெயர்ந்து மாற்றினேன்.

உள்பாவாடைக் கதை படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மார்ஜரி குனிந்து நடப்பதை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. துடுப்புகளை இன்னும் ஓரடி உயர்த்தி மாட்டக் கூடாதா? ஏழு துடுப்பு ஒரு வீட்டுக்கு நிறையத்தான். போதுமென்று உட்காரப் பழகு.

வீட்டுக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். உனக்குச் சின்ன வயசிலிருந்தே நெஞ்சுச் சளி.

அன்புடன்
வின்னி


ஈலி
21 அக்டோபர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ மீனைப் பற்றி எழுதினாய், கூரையைப் பற்றி எழுதினாய், ஃபென்விக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்துபோயிருக்கும். போகட்டும், அதைவிடப் பெரிய இடி இங்கே விழுந்திருக்கிறது.

மாடிப்படியில் தொங்குவது ஹ்யூகோவின் துடுப்பே இல்லை.

எப்படித் தெரிந்ததென்றால், நேற்று ஏழையும் கழற்றித் தரையில் பரப்பித் துடைத்தேன். ஒரு படகில் நாலு பேர் வலப்பக்கம் போடுவார்கள், நாலு பேர் இடப்பக்கம். துடுப்பு படகின் கொண்டியில் பதியும் இடத்தில் தோல் பட்டை ஒன்று சுற்றி ஆணி அடித்திருக்குமே, அதன் தேய்மானத்தைப் பார்த்தால் எந்தப் பக்கத்துத் துடுப்பு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் இத்தனை வருஷமாகப் பெயரைத்தான் பார்த்தேனே தவிரத் தோலைப் பார்க்கவில்லை. ஹ்யூகோ ஏழாம் ஆள், ஒற்றைப்படைக்காரர்கள் எல்லாரும் ஒரு பக்கம். நம் வீட்டுத் துடுப்பு இரட்டைப்படைக்காரருடையது. இரண்டு, நாலு, ஆறு ஆகிய மூன்றும் என்னிடம் இருக்கின்றன. மிச்சம் எட்டுதான். ஃபென்விக்கின் துடுப்பைத்தான் நாம் அண்ணனுடையது என்று கொண்டாடியிருக்கிறோம்.

அம்மா ஞாயிறுதோறும் நாற்காலி போட்டு ஏறி அதைத் துடைப்பாளே, நினைவிருக்கிறதா? யாருடையதையோ துடைத்திருக்கிறாள், பாவம். கல்லூரிப் படகுக்காரர் பெயர் எழுதிக் காயவைத்தவர், கொடுக்கும்போது மாற்றிக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் ஒரே எட்டுப் பெயர் என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் மயக்க மருந்தில்லாமல் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருப்பேன்.

ஹ்யூகோ கைபட்ட நிஜத் துடுப்பு ஃபென்விக்கிடம் இருக்கிறது. கல்லூரியில் விசாரித்து முகவரி வாங்கிவிட்டேன். நார்ஃபோக் கடற்கரையில் வெல்ஸ் ஊரில், தகப்பனார் வீட்டிலேயே இருக்கிறாராம், கல்யாணம் செய்துகொள்ளாமல். இன்றைக்கே கடிதம் போடுகிறேன். மாற்றிக்கொள்ளலாம் என்றால் அவருக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
நெட்


ஈலி
29 நவம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. முழங்காலா, தபாலா, என்மேல் வருத்தமா? ஏதாவது ஒன்றை எழுது. மார்ஜரி தினம் கேட்கிறாள்.

ஃபென்விக் பதில் போட்டார். நாலே வரி. 'அன்புள்ள திரு. கார்ஸைட், தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சொல்லும் பிழை எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருப்பது எனக்கு உரியதே. தங்கள் முயற்சி வெற்றிபெற வாழ்த்துகள்.' அவ்வளவுதான். தோல் பட்டையின் படம் வரைந்து, அம்பு போட்டு விளக்கி, மூன்று பக்கம் எழுதியவனுக்கு இந்தப் பதில்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று வந்த நோயாளிகளெல்லாம் பயந்துபோனார்கள். நம் அண்ணன் பொருளை வைத்துக்கொண்டு 'எனக்கு உரியது' என்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம். உன்னை நட்டாற்றில் விட்டவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தை நிறுத்தியது நீதான் என்று அப்பா சொல்வார். எனக்கு அந்த வயதிலேயே நம்பிக்கையில்லை. காரணமில்லாமல் ஒரு பெண் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறுவாளா?

நீ ஒரு வரி எழுதினால் அவர் கேட்பார். உனக்கு அவர் கடன்பட்டிருக்கிறார். எனக்காக வேண்டாம், ஹ்யூகோவுக்காக எழுது.

பதிலை எதிர்பார்க்கும்
நெட்


லூனன்பர்க்
15 டிசம்பர் 1979

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. பார்சலில் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம் உனக்கு. எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, எழுதக் கை வரவில்லை, வேறொன்றுமில்லை.

நான் அவருக்கு எழுத மாட்டேன். நீயும் இனி எழுதாதே. அவர் எனக்கு ஒன்றும் கடன்படவில்லை, என்னை யாரும் நட்டாற்றில் விடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று அன்றைக்குப் பேசாமல் வந்தேன். நீயும் ஊரோடு சேர்ந்துகொள்ளாதே.

ஒரு வயதான மனிதர் கட்டிலுக்கு மேல் மாட்டிவைத்திருப்பதைப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவதில் உனக்கு என்ன கிடைத்துவிடும்? சுவரில் ஏழு போதும். எட்டாவது இடத்தில் ஒரு படம் மாட்டு.

பனி முழங்கால்வரை கொட்டிவிட்டது. ஸ்விக்கர் அம்மாள் தன் மகனை அனுப்பி வழி வெட்டிக் கொடுத்தாள். கோபம் தீர்ந்தது போலிருக்கிறது.

வின்னி


ஈலி
12 ஜனவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை கச்சிதம். அதைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தை மார்ஜரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"கட்டிலுக்கு மேல மாட்டியிருக்குன்னு உங்க அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"ஏதோ குத்துமதிப்பா எழுதியிருப்பா."

"குத்துமதிப்பா எழுதறவங்க சுவத்துலன்னு எழுதுவாங்க. கட்டிலுக்கு மேலன்னு பார்த்தவங்கதான் எழுதுவாங்க."

எனக்குக் காது சிவந்துவிட்டது. அக்கா, நீ அவருடைய அறைக்குப் போயிருந்தால் அது உன் சொந்த விஷயம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நான் பாதிரியாருமில்லை. ஆனால் அதனால்தான் தயங்குகிறாய் என்றால் தயங்காதே. உன் பெயரையே நான் எடுக்கப் போவதில்லை.

ஆமாம், போகத்தான் போகிறேன். அவரைக் கவனித்துக்கொள்ளும் அவருடைய அண்ணன் மகள் டார்கஸ் எழுதியிருக்கிறாள். அவருக்கு இதய நோயாம், படுத்த படுக்கைதானாம். ஹ்யூகோவின் தம்பி என்றால் பார்க்கச் சம்மதிப்பார், சனிக்கிழமை வாருங்கள் என்று. மனிதர் போய்ச் சேர்ந்தபின் பழைய சாமான் வியாபாரி எவனாவது அள்ளிக்கொண்டு போனால் நான் எங்கே தேடுவேன்? மார்ஜரி 'உங்களுக்குப் பிடுங்கித்தான் பழக்கம்' என்கிறாள். நான் சும்மா பிடுங்கப் போகவில்லை. அவர் துடுப்பைக் கார் கூரையில் கட்டி எடுத்துப்போகிறேன். அவருடையது அவருக்கு, நம்முடையது நமக்கு. இதைவிட நியாயம் உண்டா?

வழுக்கும் பனியில் வெளியே போகாதே.

நெட்


ஈலி
21 ஜனவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது. ஹ்யூகோவின் துடுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால்தான் சாத்தியிருக்கிறது. உனக்குத் தெரியாமல் எப்படி இருப்பேன், அதனால் உடனே எழுதுகிறேன்.

நான் நினைத்தபடி சண்டையெல்லாம் இல்லை. இளைத்துப்போன நெடிய மனிதர், வெள்ளை முடி, கடலைப் பார்த்த அறை. நீ எழுதியது சரிதான், கட்டிலுக்கு மேலேதான், மிகவும் தாழ்வாக மாட்டியிருந்தார். நான் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, பெயர்களின்மேல் விரலை வைத்து ஏழாவது பெயர்வரை வந்து நிறுத்தினார்.

"இத யாரு பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார்.

"எங்கம்மா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை துடைப்பாங்க."

"அப்படியா" என்றார். தோல் பட்டை விவரத்தை மறுபடி சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "எடுத்துக்கங்க. ஹ்யூகோ தம்பியே வந்து நின்னு கேட்டா, இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். டார்கஸ் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கழற்றி, கொண்டுபோனதை அதே கொக்கியில் மாட்டிவிட்டேன்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கவனித்தேன். பேச்சுக்கு நடுவில் அவர் கை தானாகத் தலைக்கு மேலே போகிறது. அங்கே தொங்குகிற துடுப்பின் பிடியைத் தொட்டதும் சுட்டதுபோல இறங்கிவிடுகிறது. முதுமையில் இப்படி நடுக்கமெல்லாம் வரும்.

துடுப்பு நல்ல நிலையில் இருக்கிறது, பிடியைத் தவிர. கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, நாலு விரல் அகலத்துக்கு, மெருகு முழுவதும் போய் மரமே குழிந்திருக்கிறது. மற்ற எதிலும் இப்படி இல்லை. பந்தயத்தில் ஆனதாகவும் தெரியவில்லை. அங்கே யாரும் பிடிப்பதில்லை. பரவாயில்லை, டெப்பட் என்று ஒரு நல்ல மெருகுக்காரர் இருக்கிறார். இழைத்து வார்னிஷ் அடித்தால் புதிதாகிவிடும். ஜூனுக்குள் எட்டும் சுவரில் ஏறிவிடும்.

நீ சந்தோஷப்படுவாய் என்று நம்புகிறேன். ஒரு வரி எழுது.

நெட்


லூனன்பர்க்
30 ஜனவரி 1980

நெட்,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. வார்னிஷ் அடிக்காதே. டெப்பட்டிடம் கொடுத்திருந்தால் இதைப் படித்த உடனே போய் வாங்கிவிடு.

படகுக்காரர் தவறே செய்யவில்லை. அவர்கள் இருவரும் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள்.

1946இல் நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் லாரன்ஸ் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். அவருக்குக் காய்ச்சல், மேலே படுத்திருந்தார். நான் சூப் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கு மேலே அது இருந்தது. 'நம்ம ரெண்டு வீட்லயுமே ஹ்யூகோ பேர் எழுதின துடுப்பு ஒண்ணு இருக்கு பாருங்க' என்று நான்தான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடியே கையை உயர்த்தி அதைத் தொட்டார், தூங்குகிறவரின் தோளைத் தொடுவதுபோல. 'இது ஹ்யூகோவோடது. என்னோடது உங்க வீட்ல இருக்கு' என்றார், எதையும் மறைக்கவில்லை. நான் நர்ஸ், நெட். போர்க்காலத்தில் எத்தனையோ பேர் யாருக்காக அழுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை. எனக்கு ஹ்யூகோவின் நெற்றி, ஹ்யூகோவின் புருவம் என்று எல்லாரும் சொல்வீர்களே, அதுவும் அப்போதுதான் விளங்கியது.

இரண்டு ஆண்கள் அப்படி நேசித்தால் அந்தக் காலத்தில் சிறை. அதனால் கல்யாணத்தை நான் நிறுத்தினேன் என்று சொன்னேன், காரணம் சொல்லவில்லை, ஊர் என்னைத் திட்டட்டும் என்று கப்பலேறினேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததேயில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, நெட். மிகவும் பிடித்திருந்தது. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை, இனிமேலும் எழுத மாட்டேன்.

ஏழாம் ஆள் பந்தயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எட்டாம் ஆளின் முதுகைத்தான் என்று நீயே எனக்கு ஒருமுறை எழுதினாய்.

அந்தக் குழிவு நடுக்கத்தால் வந்ததல்ல. கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

வின்னி


ஈலி
17 மார்ச் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு மேலே படி.

உன் கடிதம் வந்தபோது டெப்பட் வேலையை முடித்துவிட்டிருந்தார். கண்ணாடி மாதிரி பளபளவென்று கொண்டுவந்து, "நாயி மென்ன மாதிரி இருந்துச்சுங்க, இப்பப் பாருங்க" என்றார். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டது நன்றாக இல்லை. முதலில் நீ சொன்னதை நம்பவில்லை. நம்பியபின் அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் வயதும் வளர்ப்பும் அப்படி. துடுப்பை மூலையில் திருப்பி வைத்தேன். ராத்திரியும் பகலும் வீட்டுக்குள் நடந்துகொண்டேயிருந்தேன். மெல்ல மெல்லத்தான் அது அருவருப்பு இல்லை, பொறாமை என்று தெரிந்தது. இத்தனை வருஷமும் ஹ்யூகோவுக்காகத் துக்கம் காக்கிறவன் நான் ஒருவன்தான் என்று இறுமாந்திருந்தேன். ஊர் ஊராகச் சுற்றி மரக்கட்டை சேர்த்தேன். ஒரு மனிதர் படுத்த இடத்திலிருந்தே ஒரு மரத்தைக் கையால் தேய்த்துக் குழித்திருக்கிறார். அதை நான் வார்னிஷ் அடித்து மூடிவிட்டேன்.

கடைசியில் மார்ஜரிதான் சொன்னாள். "பிடுங்கின பல்லைத் திரும்ப வெக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க. துடுப்பு பல்லு இல்லைங்க. கிளம்புங்க, நானும் வரேன்."

போன சனிக்கிழமை போனோம். அவர் இன்னும் இளைத்திருக்கிறார். மார்ஜரியும் நானும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மேலே கொண்டுபோனோம். பழைய கொக்கியில் மாட்டினேன். மற்றதை அதற்கு அடியில், பக்கத்திலேயே மாட்டினேன். இரண்டும் அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். விரல்கள் பழைய இடத்தைத் தேடின. பளபளப்பில் வழுக்கிக்கொண்டு போயின, திரும்பி வந்து மறுபடி தேடின. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெருகு போட்டுட்டீங்களா?" என்றார்.

"தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்ல" என்றார், கையை எடுக்காமலே. "மறுபடி தேய்ச்சுடலாம்."

மார்ஜரி வெளியே போய்விட்டாள். திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

உன் தம்பி
நெட்


லூனன்பர்க்
5 ஏப்ரல் 1980

அன்புள்ள நெட்டுக்கு,

உனக்கும் மார்ஜரிக்கும் என் அன்பு. அவளிடம் தனியாகச் சொல், நான் அவளுக்கு ஒரு சால்வை பின்னுகிறேன். உன்னைத் திட்ட எனக்கு மனமில்லை. நீ திரும்பப் போனாயே, அது போதும்.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் சேறு. முழங்கால் தேவலை.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் எழுது. கேட்கவில்லையென்றால் வானிலையைப் பற்றி எழுது, புரிந்துகொள்வேன்.

வின்னி


ஈலி
15 ஜூன் 1980

அன்புள்ள வின்னி அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன் கேள்விக்குப் பத்து வாரமாகப் பதில் எழுதவில்லை. வானிலையைப் பற்றி எழுத மனம் வரவில்லை, மற்றதை எழுதத் தைரியம் வரவில்லை. இனித் தள்ள முடியாது. லாரன்ஸ் போன மாதக் கடைசியில் போய்விட்டார். தூக்கத்திலேயே போனதாக டார்கஸ் சொன்னாள். மார்ஜரியும் நானும் சவ அடக்கத்துக்குப் போனோம். உன் பெயரில் வெள்ளை லில்லி வைத்தேன், உன்னைக் கேட்காமல்.

நீ எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, அக்கா. நடந்ததைச் சொல்கிறேன். மார்ச்சில் நானும் மார்ஜரியும் துடுப்போடு அறைக்குள் நுழைந்தபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்டது இதுதான்: "வின்னி அனுப்பினாளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை, இல்ல?" என்றார். "எனக்குத் தெரியும். சொல்ல மாட்டா. அவ இருக்கற தைரியத்துலதான் நான் இந்த ஊர்லயே நிம்மதியா இருந்தேன். தினம் நினைச்சுக்குவேன்."

அதன்பிறகு அழுதார். ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுததை அன்றைக்கு உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் உனக்கு ஆறுதலா, இன்னும் வலியா என்றும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் அது உன்னுடையது, நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

நேற்றோடு பந்தயம் முடிந்தது. படகுக்கூடத்துச் சுவரில் ஆறுதான் மாட்டியிருக்கிறது. கடைசி இரண்டு கொக்கி காலி. மழையில் நனைந்து வந்த பையன் ஒருவன், "சார், ஏழும் எட்டும் எங்க சார்?" என்று கேட்டான். "அது ரெண்டும் வீட்டுல இருக்குப்பா" என்றேன்.

இரண்டையும் பிரிக்கக் கூடாது, ஹ்யூகோவின் வீட்டுக்குப் போகட்டும் என்று அவர் டார்கஸிடம் சொல்லியிருந்தாராம். மறுபடி சன்னலைக் கழற்றினோம். மறுபடி தெரு கூடியது. மாடிப்படிச் சுவரில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. மார்ஜரி துணிக்கூடையோடு குனிந்து போகிறாள், முணுமுணுப்பதில்லை. ஆகஸ்டில் நீ வர வேண்டும் என்று உன் சால்வையைப் போர்த்திக்கொண்டு உத்தரவு போடுகிறாள். முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. கீழறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று.

ஹ்யூகோவின் துடுப்பை மாட்டும்போது பிடியைப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு, டெப்பட்டின் வார்னிஷ் மங்கியிருக்கிறது. மரம்வரை போகவில்லை. அதற்குள் நாள் முடிந்துவிட்டது. நான் அதைத் துடைக்கவில்லை, நீ வரும்வரை யாரும் தொட வேண்டாம் என்று மார்ஜரியிடமும் சொல்லியிருக்கிறேன்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
தம்பி நெட்